நான்கு மணிக்குத் தொடங்கும் நாள்

15.9.2023, வெள்ளி

மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தை முதலமைச்சர் இன்று காஞ்சிபுரத்தில் தொடங்கி வைத்தார். அண்ணா பிறந்த நாள், அண்ணா பிறந்த ஊர். ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அலுவலகத்தில் மதிய இடைவேளை முழுவதும் இதே பேச்சு. "உட்கார்ந்த இடத்தில் காசு" என்றார் என் மேலதிகாரி. அவருடைய டிபன் பாக்ஸைக் காலையில் கட்டிக் கொடுத்தவர் எந்த இடத்தில் உட்கார்ந்து கட்டினார் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. சம்பள உயர்வுக்கான என் கடிதம் அவர் மேஜையில் கிடக்கிறது. கேட்கவில்லை.

எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு, ஆனால் அது வேறு மாதிரியானது. வீட்டு வேலைக்கென்று பெண்ணின் கையில் பணம் கொடுத்தால், அந்த வேலை அவளுடையதுதான் என்று முத்திரை குத்தியதாகிவிடாதா? 1970களில் இத்தாலியிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீட்டு வேலைக்குச் சம்பளம் கேட்டுப் பெண்கள் இயக்கம் நடத்தியபோது மற்ற பெண்ணியவாதிகள் அவர்களைப் பார்த்து இதையேதான் கேட்டார்கள். அந்த இயக்கத்தைச் சேர்ந்த சில்வியா ஃபெடரிச்சி 1975-இல் எழுதிய சிறு பிரசுரத்தில் இதற்குப் பதில் இருக்கிறது: சம்பளம் கேட்பதுதான் அந்த வேலையை மறுப்பதற்கான முதல் படி. சம்பளமில்லாத வேலையை யாரும் வேலையாகவே பார்ப்பதில்லை. வேலையாகப் பார்க்காததை எப்படி மறுப்பது? பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியை இன்னும் யோசிக்க வேண்டும்.

அம்மாவுக்கு இந்தத் தொகை கிடையாது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டிய குடும்பம் எங்களுடையது. விண்ணப்ப முகாம் நடந்தபோதே அம்மா கேட்டார், "யாருடைய வருமானம்?" என்று. அப்பா அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அம்மா வேடிக்கையாகக் கேட்கவில்லை.

17.9.2023, ஞாயிறு

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃபின் 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' (தனக்கென ஓர் அறை) நூலை மறுபடி எடுத்திருக்கிறேன். கல்லூரியில் படித்தபோது கண் முழுவதும் அறையின் மேல்தான் இருந்தது. தம்பிக்கு அறை, எனக்குக் கூடத்து மூலை என்ற ஆற்றாமை அப்போது. சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு, பணத்தைப் பற்றிய பக்கங்களில்தான் நின்றுவிடுகிறேன்.

1928-இல் கேம்பிரிட்ஜின் இரண்டு பெண்கள் கல்லூரிகளில் ஆற்றிய உரைகள் மறு ஆண்டு நூலாயின. அதன் கதைசொல்லிக்கு அத்தை ஒருத்தி ஆண்டுக்கு 500 பவுண்டு வரும்படி எழுதி வைத்துவிட்டு இறக்கிறாள். பெண்களுக்கு ஓட்டுரிமைச் சட்டம் வந்ததும் ஏறக்குறைய அதே நேரம்தான். இரண்டில் பணம்தான் பெரிதாகத் தெரிந்தது என்று கூச்சமே இல்லாமல் சொல்கிறாள். எனக்கு அந்தக் கூச்சமின்மை பிடித்திருக்கிறது.

ஆனால் இந்த முறை வேறொரு வரி தடுக்கியது. அந்த அத்தை எப்படி இறந்தாள்? பம்பாயில் காற்று வாங்கக் குதிரையேறிப் போனபோது கீழே விழுந்து. முன்பு இதை எப்படித் தாண்டிப் போனேன் என்று தெரியவில்லை. பம்பாயில் குதிரையேறிக் காற்று வாங்கிய ஆங்கிலேயப் பெண்ணின் ஆண்டுக்கு 500 பவுண்டு எங்கிருந்து வந்திருக்கும்? கதைசொல்லிக்கு அந்தக் கேள்வி எழவே இல்லை. அந்தக் குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டவள் யாரோ ஒருத்தி இருந்திருப்பாள். அவளுக்கும் எழுத ஏதாவது இருந்திருக்கும். இதற்காக நூலைத் தூக்கி எறிய மாட்டேன். நேசிக்கும் நூலோடு சண்டை போடாமல் அதை முழுதாகப் படித்ததாக எனக்குத் தோன்றுவதில்லை.

நூல் வெளிவந்த அதே 1929-இல், பிப்ரவரி மாதம், செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு கூடி, ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமானது 1989-இல். 60 ஆண்டுகள்! அதிலும் ஒரு கொக்கி: 1989 மார்ச் 25-க்கு முன்பே மணமான மகள்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. பெரியம்மாவின் கல்யாணம் 1988-இல். 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்தக் கொக்கியை நீக்கியபோது, பிரிக்க வேண்டியதை எல்லாம் தாத்தா மாமாக்களுக்குப் பிரித்துக் கொடுத்து முடித்திருந்தார்.

20.9.2023, புதன், இரவு

மக்களவையில் மகளிர் இட ஒதுக்கீடு மசோதா நிறைவேறிவிட்டது. ஆதரவு 454, எதிர்ப்பு 2. அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் நிஜமான மகிழ்ச்சி இருந்தது; அதைக் கெடுக்க மனமில்லாமல் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். பிறகு மசோதாவின் வாசகத்தைத் தேடிப் படித்தேன்.

334ஏ என்றொரு புதிய பிரிவு. சட்டம் நடைமுறைக்கு வந்த பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாக வேண்டும். அதன் அடிப்படையில் தொகுதி மறுவரையறை நடக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மூன்றில் ஒரு பங்கு இடங்கள். 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பே இன்னும் எடுக்கப்படவில்லை. மறுவரையறை என்ற பேச்சை எடுத்தாலே தென் மாநிலங்களுக்கு நெஞ்சு படபடக்கிறது. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. பெண்களின் இடங்களைக் கொண்டுபோய் அந்தச் சிக்கலின் வாலில் முடிந்து வைத்திருக்கிறார்கள்.

முதல் மசோதா வந்தது 1996 செப்டம்பரில், தேவ கௌடா ஆட்சியில். நான் பிறக்கவே இல்லை. 2010-இல் மாநிலங்களவை நிறைவேற்றியும் மக்களவை அதைக் கண்டுகொள்ளவில்லை. இதற்கிடையில் தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. ஊராட்சிக்கு உடனே முடிந்தது நாடாளுமன்றத்துக்கு ஏன் முடியவில்லை? ஊராட்சியில் விட்டுக்கொடுப்பது அடுத்தவர் நாற்காலி, நாடாளுமன்றத்தில் தங்கள் நாற்காலி. இதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கு உள் ஒதுக்கீடு இல்லையே என்ற கேள்வியைத் தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு பெண் எழுப்பினார். நெறியாளர் அவரைப் பாதியில் நிறுத்தி, "ஒரு பெண்ணாக இன்று எப்படி உணர்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

21.9.2023, வியாழன்

மாநிலங்களவையில் 214 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. யாருமே எதிர்க்காத ஒன்றுக்கு 27 ஆண்டுகள்.

30.9.2023, சனி

நூலகத்தில் 'மகளிர் பகுதி' என்று தடுப்பு வைத்துத் தனியாக ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். அதன் மேல் சமையல் குறிப்பு இதழ்களும் ராசிபலனும். நாளிதழ்கள் எல்லாம் பொதுப் பகுதியில். அங்கே போய் உட்கார்ந்தால் நான்கு பெரியவர்கள் செய்தித்தாளைக் கீழே இறக்கிப் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் செய்தித்தாள்கள் மேலே ஏறிவிட்டன.

அங்கே உட்கார்ந்து ராசசுந்தரி தேவியின் 'அமர் ஜீபன்' ஆங்கில மொழிபெயர்ப்பைப் படித்தேன். 1876-இல் வந்த வங்காளத் தன்வரலாறு. பன்னிரண்டு வயதில் கல்யாணம், பிறகு வரிசையாகப் பன்னிரண்டு குழந்தைகள். பெண் படித்தால் குடும்பத்துக்குக் கேடு என்று நம்பிய காலம். இருபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, வீட்டில் இருந்த 'சைதன்ய பாகவத'த்திலிருந்து ஓர் ஏட்டை உருவிச் சமையலறையில் ஒளித்து வைக்கிறார். மகன் எழுதிப் பழகும் பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொள்கிறார். ஓலையில் இருக்கும் எழுத்தும் ஏட்டில் இருக்கும் எழுத்தும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டு ஒப்பிட்டு, சிறு வயதில் காதில் விழுந்த ஒலிகளை நினைவிலிருந்து இழுத்துப் பொருத்தி, படிக்கக் கற்கிறார். ஆசிரியர் இல்லை. கேட்டுத் தெளிய ஆள் இல்லை. அகப்பட்டால் என்ன ஆகும் என்ற நடுக்கம் வேறு.

இதை வீரக்கதையாக மட்டும் சொல்லிக் கைதட்டுவது எளிது. எனக்கு அதைவிட உறைத்தது அவருடைய நாட்களின் வர்ணனை. வேலையிலும் பிள்ளைகளிலும் மாட்டிக்கொண்டு, சமைத்தவரே சாப்பிடாமல் கழிந்த பொழுதுகளை அவர் குறை சொல்லும் தொனி இல்லாமல் எழுதிக்கொண்டே போகிறார். தடை போட்டது ஊர் என்றாலும், அந்தத் தடையைத் தினந்தோறும் காவல் காத்தது வேலைதான். ஊர் இன்று தடையை எடுத்துவிட்டது. அம்மா பட்டதாரி. எங்கள் வீட்டுக்கு வரும் செய்தித்தாளை அப்பா காலை ஆறரைக்குப் படிக்கிறார். அம்மா மதியம் இரண்டு மணிக்குமேல், துணி மடித்த பிறகு.

6.10.2023, வெள்ளி

அமைதிக்கான நோபல் பரிசு ஈரானின் மனித உரிமைப் போராளி நர்கஸ் முகமதிக்கு. அறிவிக்கும்போது அவர் தெஹ்ரானின் எவின் சிறையில் இருக்கிறார். நோபல் குழுவின் தலைவர் தன் அறிவிப்பைப் பாரசீக மொழியில் தொடங்கினார்: பெண், வாழ்க்கை, சுதந்திரம். முக்காட்டைச் சரியாகப் போடவில்லை என்று பிடிக்கப்பட்ட மாசா அமினி போன ஆண்டு காவலில் இறந்த பிறகு ஈரானின் தெருக்களில் கேட்ட முழக்கம். 13 முறை கைது, ஐந்து வழக்குகளில் தண்டனை, மொத்தம் 31 ஆண்டு சிறையும் 154 கசையடியும். இரட்டைக் குழந்தைகள் பாரிஸில் தந்தையோடு வளர்கிறார்கள்.

தனிமைச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்களைப் பேட்டி கண்டு அவர் ஒரு நூல் செய்திருக்கிறார், 'ஒயிட் டார்ச்சர்'. சிறைக்குள்ளேயும் அவர் பிறர் பேசுவதைக் கேட்டு எழுதுகிறவராகத்தான் இருந்திருக்கிறார்.

அலுவலகத்தில் ஒருவர் கேட்டார்: "அங்கே முக்காட்டை எடுக்கப் போராடுகிறார்கள், கர்நாடகத்தில் போட்டுக்கொள்ளப் போராடினார்கள். எதுதான் பெண்ணியம்?" மடக்கிவிட்ட களிப்பு அவர் முகத்தில். இரண்டு இடத்திலும் ஒரு பெண் தலையில் என்ன இருக்க வேண்டும் என்பதை அவளைத் தவிர எல்லோரும் தீர்மானிக்கிறார்கள் என்றேன். தேநீர் வந்துவிட்டது, பேச்சு கிரிக்கெட்டுக்குத் தாவியது. நாளை மறுநாள் சென்னையில் ஆட்டமாம்.

9.10.2023, திங்கள்

பொருளாதார நோபல் கிளாடியா கோல்டினுக்கு. இந்தப் பரிசைப் பெறும் மூன்றாவது பெண். 2009-இல் எலினார் ஆஸ்ட்ராமும் 2019-இல் எஸ்தர் டூஃப்லோவும் ஆண்களோடு பகிர்ந்துகொண்டார்கள். தனியாகப் பெறுவது இவர்தான் முதல்.

இவர் செய்த வேலையைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்ததில் சாப்பாடு ஆறிவிட்டது. அமெரிக்காவின் 200 ஆண்டுப் பதிவுகளைத் தோண்டி எடுத்திருக்கிறார். பழைய ஆவணங்களில் தொழில் என்ற கட்டத்தில் பெண்ணுக்கு 'மனைவி' என்று எழுதி முடித்திருக்கிறார்கள். அவள் கணவனோடு வயலில் உழைத்ததும், வீட்டிலிருந்தபடி நெய்து விற்றதும் கணக்கிலேயே இல்லை. வேறு ஆவணங்களைக் கொண்டு அந்த எண்களைத் திருத்தியபோது, ஆலைகள் வருவதற்கு முன்பு பெண்கள் நிறைய வேலை செய்ததும், ஆலைகள் வந்தபோது அது சரிந்ததும், பின்பு மெல்ல ஏறியதும் தெரிய வந்தன. தொழில் வளர வளரப் பெண்ணின் நிலையும் தானாக உயரும் என்ற நம்பிக்கையை ஒரு வளைகோடு உடைத்துவிட்டது. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள் என்பதால் எனக்கு இதில் தனி ருசி. தலைப்பு தவறாகப் போட்ட பதிவேட்டில் எவ்வளவு கூட்டினாலும் விடை சரியாக வராது.

நம் ஊர்ப் பதிவேடு மட்டும் என்ன வாழ்ந்தது? 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து உற்பத்தியில் பங்கில்லாதவர்கள் பட்டியலில் வைத்ததை உச்ச நீதிமன்றம் 2010-இல் கடுமையாகக் கண்டித்தது. இந்த ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஓர் அடி முன்னே போனது. வளைகுடாவில் சம்பாதித்த கணவர், ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட மனைவி. சொத்து யாருடையது என்று வழக்கு. மனைவியின் வீட்டு வேலை இல்லாமல் கணவரால் சம்பாதித்திருக்க முடியாது, அவருக்கும் சம பங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். அம்மாவிடம் சொன்னேன். வழக்கு எத்தனை ஆண்டு நடந்தது என்று கேட்டார். கேட்க வேண்டியதை அம்மா சரியாகக் கேட்டுவிடுகிறார்.

15.10.2023, ஞாயிறு

வங்காள எழுத்தாளர் பேகம் ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு'. ஒரே மூச்சில் படித்து, சிரித்து, தம்பியைப் பிடித்து உட்கார வைத்துச் சில பக்கங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். 1905-இல், கமலா சத்தியநாதன் சென்னையிலிருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில் வெளிவந்த கதை. அண்ணனிடம் இரவில் திருட்டுத்தனமாக ஆங்கிலம் கற்ற பெண் எழுதியது.

அந்தக் கதையின் நாட்டில் ஆண்கள் அந்தப்புரத்துக்குள் அடைபட்டிருக்கிறார்கள். வெளியே பெண்கள் ஆட்சி. சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள், பலூன் கட்டி மேகத்திலிருந்து நீர் இறக்குகிறார்கள். தெருவில் கூச்சத்தோடு நடக்கும் சுல்தானாவைப் பார்த்து, ஆண் பிள்ளை மாதிரி இருக்கிறாளே என்று சிரிக்கிறார்கள்! அலுவலக வேலையை இரண்டே மணி நேரத்தில் எப்படி முடிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு வரும் பதில்தான் உச்சம். ஓர் ஆண் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டுப் பிடிக்கிறான், ஒன்று எரிய அரை மணி, ஆக ஆறு மணி நேரம் புகையில் போகிறது என்று கணக்குப் போடுகிறாள், சுல்தானாவுக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் ஸாரா. எங்கள் அலுவலகத்துத் தேநீர் இடைவேளைகளை நினைத்துக்கொண்டேன்.

உல்ஃபின் நூலுக்கு 24 ஆண்டுகள் முன்பே, கணவர் வெளியூர் போயிருந்த சமயத்தில் பொழுதுபோக்காக எழுதியதாம். திரும்பி வந்த கணவர் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, "பயங்கரமான பழிவாங்கல்!" என்றாராம். இரண்டையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் படித்ததில் உல்ஃபின் நூல் கொஞ்சம் சலிப்பூட்டுகிறது. உல்ஃப் தனக்கு ஓர் அறை கேட்கிறார். ரொக்கையா அடுப்பையே மாற்றி வடிவமைக்கிறார். யாருடைய நேரம் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத் தொடங்கியவர் ரொக்கையா.

தம்பிக்கு ஒரே ஒரு சந்தேகம்: "அந்த ஆண்கள் உள்ளே உட்கார்ந்து என்ன செய்கிறார்கள், அக்கா?" சமைக்கிறார்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றேன். "முழு நாளுமா?" என்றான்.

23.10.2023, திங்கள்

ஆயுத பூஜை. புத்தகங்கள் எல்லாம் சாமி முன்னால். இன்று படிக்கக் கூடாது. அப்பாவின் ஸ்கூட்டர், தம்பியின் மடிக்கணினி, ஸ்பேனர், கத்தரிக்கோல் எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கின்றன. அரிவாள்மணைக்கும் சந்தனம் வைத்தார் அம்மா, காய் நறுக்கி முடித்த பிறகு. சுண்டல், பொரி, வடை, பாயசம். நேற்று முழுவதும் வீடு கழுவல்.

24.10.2023, செவ்வாய்

ஐஸ்லாந்தில் இன்று பெண்கள் வேலைநிறுத்தம். சம்பள வேலை, வீட்டு வேலை இரண்டையும். பிரதமர் காத்ரின் யாகப்ஸ்தோத்திரும் தான் வேலைக்கு வரப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். "இதைச் சமத்துவம் என்கிறீர்களா?" என்பதுதான் முழக்கம். உலகத்திலேயே சமத்துவத்தில் முதலிடம் என்று பெயர் வாங்கிய நாட்டில்!

முதல் முறை இதே தேதியில், 1975-இல். நாட்டின் பெண்களில் 90 சதவீதம் பேர் எந்த வேலையும் செய்யவில்லை. வேலைநிறுத்தம் என்றால் சிலர் மிரள்வார்கள் என்று 'பெண்களின் ஓய்வு நாள்' என்று பெயர் வைத்தார்கள். கெட்டிக்காரிகள். பிள்ளைகளை அலுவலகத்துக்குத் தூக்கிப் போன அப்பாக்கள், கடைகளில் தீர்ந்துபோன சாசேஜ். மறு ஆண்டு சமத்துவச் சட்டம் வந்தது. 1980-இல் விக்தீஸ் ஃபின்போகதோத்திர் அதிபரானார்.

அம்மாவிடம் சொன்னபோது, "நேற்று நடத்தியிருக்கலாமே" என்றார்.

29.10.2023, ஞாயிறு

2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் படித்து முடித்தேன். சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அந்த 'ஈடுபடும்' என்ற இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. பெண்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் நான்கில் ஒருவர் சொச்சம். மற்ற முக்கால்வாசி ஆண்கள் 97-க்குள் வரவே இல்லை.

கணக்கெடுப்பின் முறை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. நாள் விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கி மறுநாள் நான்கு மணிக்கு முடிகிறது. அரை அரை மணியாகக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் மூன்று வேலைகள் வரை எழுதலாம். அதே மாதிரி தாளில் கோடு போட்டு வீட்டில் நால்வருக்கும் கொடுத்தேன். அப்பா ஆர்வமாக வாங்கிக்கொண்டார். தம்பி தன் தாளில் பெரும்பாலான கட்டங்களை அடைப்புக்குறி போட்டு இணைத்து 'கல்லூரி', 'தூக்கம்', 'போன்' என்று எழுதிவிட்டான். நேர்மையானவன்.

அப்பாவின் தாளில் 'காய்கறி வாங்கினேன்' என்று ஒரு கட்டம் இருந்தது. அம்மா அதை எட்டிப் பார்த்து, "என்ன வாங்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்ததை நான் எந்தக் கட்டத்தில் போடுவது?" என்றார். சீட்டு எழுத இரண்டு நிமிடம்தானே என்று அப்பா சொன்னார். எழுதத்தான் இரண்டு நிமிடம். எது தீர்ந்திருக்கிறது, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது, நாளைக்கு என்ன கிழமை, பாட்டிக்கு மாத்திரை எத்தனை பாக்கி என்று நினைத்துக்கொண்டே இருந்ததற்கு அரை மணிக் கட்டம் போதாது. அது எல்லாக் கட்டத்துக்கும் அடியில் ஓடுகிறது. மூன்று வேலை வரை எழுதலாம் என்றேன். "நான்காவது?" என்றார்.

அப்பா பேசவில்லை. பிறகு, பாட்டியின் மாத்திரைக் கணக்கை இனித் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பெட்டி எங்கே இருக்கிறது என்று அம்மாவைக் கேட்டார்.

அடுத்த வாரத்துத் தாளில் 'நினைப்பு' என்று தனிப் பத்தி ஒன்று சேர்த்திருக்கிறேன். தம்பிக்கு அதில் ஆட்சேபம். அப்படியென்றால் பரீட்சையைப் பற்றிக் கவலைப்படுவதையும் அதில் எழுதலாமா என்கிறான். எழுதலாம் என்று சொல்லியிருக்கிறேன், நிமிடக் கணக்கோடு.